தேயிலையும் பிரசாவுரிமையும்

கைத்தொழிற் புரட்சி ஆலைகளை மட்டும் பெருக்கவில்லை. மக்களையும் கடல் கடத்திற்று. அடிமைமுறையை ஒழிக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் சட்டமியற்றியபின், தோட்டத்துரைமார் இந்தியாவில் கூலியாட்களை நாடினர். மொரிசியசுக்கும் திரினிடாட்டுக்கும் கப்பல்கள் சென்றன. இலங்கைக்கோ, தென்னாட்டு உழவர் தோணியேறி மன்னாரை அடைந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியால் வழியில் மாண்டோர் பலர்.

கங்காணி கொடுத்த முற்பணமே தொழிலாளியின் விலங்காயிற்று. ‘துண்டு’ முறையால் தோட்டம் மாறினும் கடன் அவனைத் தொடர்ந்தது. அம்முறை 1921இலேயே ஒழிந்தது. இதனிடையே, 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை தழைத்தது. பயிர் மாறிற்று, உழைத்தோர் நிலை மாறவில்லை.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றோர் துயர் பெரிதும் தீர்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயாம்.

சம்பான்கள் அணைந்த துறையென்று தன் பெயருக்குப் பொருள் கூறும் சம்மாந்துறையின் மாணவர் இதனைச் சிந்தித்தல் தகும்: வந்தோர் உழைப்பை அன்றே ஏற்ற நாடு, பறித்த உரிமையை மீட்டளிக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் கொண்டது.