வேற்றுமை உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும்



தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டி வரும். ஆங்கிலத்தில் அதன் பணியைச் செய்யும் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும். ஓர் உருபுக்கு ஓர் ஆங்கிலச் சொல் என மனனம் செய்தல் பிழைக்கே வழிவகுக்கும். உருபை விடுத்துப் பொருளை நோக்குக.

1. இல்: பெட்டியில், மேசையில், வாயிலில் என மூன்றிடத்தும் நமக்கு உருபு ஒன்றே. ஆங்கிலத்தில் உட்புறத்திற்கு 'இன்', மேற்பரப்பிற்கு 'ஆன்', ஓரிடத்தைப் புள்ளியெனச் சுட்ட 'அட்' வரும். காலத்திற்கோ, ஆண்டும் மாதமும் 'இன்' பெறும். கிழமையும் தேதியும் 'ஆன்' பெறும். மணி 'அட்' பெறும்.

2. குள், வரை: 'விண்ணப்பத்தை 10ஆம் தேதிக்குள் அனுப்புக' என்பதற்குப் 'பை' வேண்டும். 'விடுதி 10ஆம் தேதி வரை திறந்திருக்கும்' என்பதற்கு 'அன்டில்' வேண்டும். முன்னது ஒரு செயல் முடிய வேண்டிய எல்லை. பின்னது ஒரு நிலை தொடரும் எல்லை. தேதியன்றி நாள்களின் எண்ணிக்கை கூறப்படின் 'விதின்' வரும்: 'விதின் டென் டேஸ்', அதாவது பத்து நாள்களுக்குள். இவற்றைப் பிரித்தறியாதவர் கல்லூரி மடலில் குறித்த கெடுவையே தவறவிட நேரும்.

3. பற்றி: 'ஸ்பீக்' என்னும் வினைக்குப் பின் 'அபௌட்' வரலாம். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் வரலாகாது. 'பற்றி' என்னும் பொருள் அவ்வினையிலேயே அடங்கியுள்ளது.

4. உடைமை: 'பாய்'ஸ்' என்பது ஒரு மாணவனுடையது, 'பாய்ஸ்'' என்பது பல மாணவருடையது. ஒலி ஒன்றே, அபாஸ்ட்ரஃபி குறி நிற்குமிடமே பொருளை வேறுபடுத்தும். 'சில்ட்ரன்' என்பது தானே பன்மையாதலின் 'சில்ட்ரன்'ஸ்' என்றே எழுதுக. மேசையின் கால் போன்ற அஃறிணைத் தொடர்களில் 'ஆஃப்' பெரும்பாலும் பொருந்தும். காலப்பெயர்கள் மட்டும் குறியையே ஏற்கும். விடுப்புக் கடிதத்தில் ஒரு நாளாயின் 'ஒன் டே'ஸ் லீவ்'. இரு நாளாயின் 'டூ டேஸ்' லீவ்'.

'ஹிஸ்', 'ஹர்ஸ்' போலவே, 'அதனுடைய' எனப் பொருள்படும் 'இட்ஸ்' குறி பெறாது. குறியிட்ட 'இட்'ஸ்' என்பது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்பதன் சுருக்கம்.

பயிற்சி: ஆங்கிலத்தில் எழுதுக.
(அ) ஞாயிறன்று 4 மணிக்கு வருக.
(ஆ) மூன்று வார விடுமுறை.
(இ) பறவை தன் கூட்டில் உள்ளது.

விடை:
(அ) மணிக்கு 'அட்', ஞாயிற்றுக்கு 'ஆன்'.
(ஆ) 'வீக்ஸ்' என்பதன் இறுதியில் குறி.
(இ) கூட்டிற்கு 'இன்', 'இட்ஸ்' குறியின்றி.

விடையை முதலில் மறைத்து வைத்துப் பிள்ளைகளை எழுதச் செய்க. பிழை நேரின், 'இங்கே உருபு உணர்த்தும் பொருள் யாது?' என்று மட்டும் பெற்றோர் வினவுக. விடையை அவர்களே கண்டறிவர்.