இழை அறுந்தால் நிற்கும் தறி

கேள்வி: டொயோட்டா கம்பெனி முதலில் தறி செய்துகொண்டிருந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா? தறிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? சில புத்தகங்களில் ‘டொயோடா’ என்று எழுதுகிறார்களே, எது சரி?

பதில்: இரண்டுமே சரி. டொயோடா என்பது குடும்பத்தின் பெயர். டொயோட்டா என்பது வண்டியின் பெயர். வளமான நெல்வயல் என்பது குடும்பப் பெயரின் பொருள். 1936ல் தங்கள் கார்களுக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று பொதுமக்களுக்குப் போட்டி வைத்தார்கள். சுமார் 27,000 மாதிரிகள் வந்து குவிந்தன. பரிசு பெற்ற மாதிரியில் பெயர் ‘டொயோட்டா’ என்று இருந்தது. ஜப்பானிய எழுத்தில் மெல்லிய ‘டா’வைக் காட்ட மேலே இரண்டு சிறு கோடுகள் போடுவார்கள். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் ஓசை அழுத்தமாகிவிடும். மொத்தக் கோடுகளும் பத்திலிருந்து எட்டாகக் குறையும். எட்டு அங்கே ராசியான எண். தமிழில் ஒரு ‘ட்’ சேர்த்து நாம் செய்வதை அவர்கள் இரண்டு கோடுகளை நீக்கிச் செய்தார்கள். 1937 ஆகஸ்டில் கார் கம்பெனி தனியாகப் பதிவானபோது இந்தப் பெயரே நிலைத்தது. ஆலை இருந்த கொரோமோ நகரமும் 1959ல் டொயோட்டா என்று பெயர் மாற்றிக்கொண்டது.

தறிக் கதையும் உண்மைதான். சக்கிச்சி டொயோடா 1867ல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். அவர் ஊர்ப்பக்கத்தில் பெண்கள் வீடுகளில் கைத்தறி நெய்து வந்தார்கள். அந்த உழைப்பைக் குறைக்க வேண்டும் என்று மரத்தறி ஒன்றை வடிவமைத்து 1891ல் காப்புரிமை பெற்றார். பிறகு விசைத்தறிக்குப் போனார். 1924ல் வெளிவந்த அவருடைய ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி இரண்டு காரியங்களைச் செய்தது. நாடாவில் நூல் தீரும்போது, ஓட்டத்தை நிறுத்தாமலே புது நாடாவை மாற்றிக்கொண்டது. பாவிலோ ஊடையிலோ இழை அறுந்தால் தானே நின்றுவிட்டது. இரண்டாவதன் அருமை நெசவு தெரிந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். அறுந்த இழையோடு தறி ஓடிக்கொண்டே இருந்தால், கெஜக்கணக்கில் குறையுள்ள துணிதான் விழும். அதைத் தடுக்க ஆள் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும். தறி தானே நிற்கும் என்றால் அந்தக் காவல் வேண்டாம். ஒரே ஆள் பத்துக்கணக்கான தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தறிகளைச் செய்ய 1926ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். 1929ல் இங்கிலாந்தின் ஓல்டாம் நகரிலிருந்த பிளாட் பிரதர்ஸ், 1,00,000 பவுனுக்கு அதன் காப்புரிமையை வாங்க ஒப்பந்தம் போட்டது. சக்கிச்சியின் மகன் கீச்சிரோ 1933ல் அதே தறிக் கம்பெனிக்குள் கார் பிரிவைத் தொடங்கினார். 1935ல் ஜி1 லாரி வந்தது. 1936ல் ஏஏ கார் வந்தது.

தறிக்கும் காருக்கும் உள்ள உறவு பணம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்: பிளாட் கம்பெனி தந்த பவுன்களே காருக்கு விதைநெல் ஆயின என்பார்கள். பொருளாதார வரலாற்றாசிரியர் கசுவோ வாதா இந்தக் கதையை ஆராய்ந்து, அது பின்னாளில் உருவான புனைவு என்று வாதிட்டிருக்கிறார். வார்ப்படமும் கடைசலும் தெரிந்த தொழிலாளிகள் கையில் இருந்தார்கள் என்பது இன்னொரு பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் அதுவும் போதாது. தறிச் சட்டம் வார்க்கத் தெரிந்தவர்கள் என்ஜின் பிளாக் வார்க்கப் போனபோது முதலில் வீணாக்கியவையே மிகுதி. ஆரம்பகால ஜி1 லாரிகள் வழியில் பழுதாகி நின்றுகொண்டே இருந்தன. ஆகவே தறி காருக்குத் தந்த பெரிய கொடை பணமும் அல்ல, கைத்திறனும் அல்ல, ஒரு பழக்கம். குறை கண்ட இடத்திலேயே நிறுத்து, அடுத்த கைக்கு அனுப்பாதே என்பதே அந்தப் பழக்கம்.

அது தறியிலிருந்து காருக்கு வந்த வழியை ஒரு மனிதரின் வாழ்க்கையில் காணலாம். டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்தவராக உலகம் அறிந்த தாயிச்சி ஓனோ, 1932ல் வேலைக்குச் சேர்ந்தது டொயோடா குடும்பத்தின் நூற்பு நெசவாலையில். 1943ல்தான் அவர் கார் பக்கம் மாற்றப்பட்டார். பெண்கள் ஆளுக்குப் பல தறிகளைப் பார்த்துக்கொள்வதைக் கண்டு பழகியவருக்கு, கார் ஆலையில் ஒரு லேத்துக்கு ஓர் ஆள் காவல் நிற்பது பொருத்தமாகப் படவில்லை. தவறு நேர்ந்தால் இயந்திரம் தானே நிற்கும்படி ஏற்பாடுகள் செய்து, ஒருவரைப் பல இயந்திரங்களுக்குப் பொறுப்பாக்கினார். ஆட்கள் கையால் பாகங்களைப் பூட்டும் வரிசையில் பிற்பாடு ஒரு கயிறு வந்தது. குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். இந்த முறைக்கு ‘ஜிடோக்கா’ என்று பெயர். தானியங்கி என்பதற்கான சொல்லில், இயக்கத்தைக் குறிக்கும் எழுத்தோடு மனிதனைக் குறிக்கும் உறுப்பையும் சேர்த்து எழுதுகிறார்கள். அந்தக் காலத்து மற்றக் கார் ஆலைகளில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். குறையோடு வண்டி கடைசிவரை போகும். அங்கே தனியாக ஆட்கள் உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பியது வாங்கியவர் தலையில் விடியும். வண்டி ரோட்டில் நிற்காமல் இருக்க வேண்டுமென்றால், அது உருவாகும் இடத்தில் வரிசை நின்றிருக்க வேண்டும். தறிக்கும் காருக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

கேள்வி: அரசு தந்த பாதுகாப்பும் ஜப்பானியரின் ஒழுக்கமும்தானே உண்மையான காரணங்கள்? தறிக்கு இவ்வளவு பெருமை சேர்ப்பது மிகையல்லவா?

பதில்: நியாயமான கேள்வி. அரசின் பங்கை மறைக்க முடியாது. ஃபோர்டு 1925லேயே யோகோஹாமாவில் கார் பூட்டத் தொடங்கியது; ஜெனரல் மோட்டார்ஸ் 1927ல் ஒசாகாவுக்கு வந்தது. ஜப்பான் ரோடுகளில் அப்போது ஓடியவை பெரும்பாலும் இந்த இரண்டின் வண்டிகளே. ஜப்பானியர் கையில் பெரும்பங்கு உள்ள கம்பெனிகளுக்கே உரிமம் என்று 1936ல் சட்டம் வந்தது; 1939க்குள் இருவரும் வெளியேறினார்கள். அதன் பிறகும் டொயோட்டா ஒருமுறை மூழ்கத்தான் பார்த்தது. போருக்குப் பிந்தைய பண நெருக்கடியில் சுமார் 1,600 பேரை வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள், வேலைநிறுத்தம் வெடித்தது, 1950 ஜூனில் கீச்சிரோ பதவி விலகினார். அதே மாதம் கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்கள் கம்பெனியைக் கரை சேர்த்தன. ஆனால் பாதுகாப்பு ஒரு கம்பெனியை உயிரோடு வைக்குமே தவிர, அதன் வண்டியை நல்ல வண்டியாக்காது. 1957ல் அமெரிக்காவுக்குப் போன கிரௌன் கார், அங்கிருந்த நெடுஞ்சாலை வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சில ஆண்டுகளிலேயே பின்வாங்கியது. இந்தியாவிலும் பல பத்தாண்டுகள் கார் தொழிலைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தோம். அந்தச் சுவருக்குள் நீண்டது கார் வாங்கக் காத்திருந்தவர்களின் பட்டியல்தான்.

ஒழுக்கம் இனத்தோடு பிறந்தது என்ற வாதத்துக்கு ஒரு நேரடிச் சோதனையே நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. வேலைக்கு வராதவர்களும் சச்சரவும் குறையுள்ள கார்களும் மலிந்த இடம் என்று பெயர் வாங்கி, 1982ல் மூடப்பட்டது. 1984ல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தபோது, பழைய தொழிலாளிகளையும் அவர்களுடைய சங்கத்தையுமே பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கட்டடமும் ஆட்களும் பழையவை. கயிறும், அதை இழுத்தால் திட்டு விழாது என்ற உறுதியும்தான் புதியவை. ஓரிரு ஆண்டுகளில் அங்கிருந்து வந்த கார்கள் ஜப்பானிய ஆலைகளின் தரத்தை நெருங்கின. ஜி1 லாரியைச் செய்தவர்களும் ஜப்பானியர்கள்தான் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், இரத்தத்தில் எதுவும் இல்லை, வேலை செய்யும் முறையில்தான் இருக்கிறது என்பது தெளிவாகும்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் நெசவு வரலாற்றிலிருந்தே வரும். இழை அறுந்தால் நிற்கும் தறி சக்கிச்சியின் தனிக் கண்டுபிடிப்பா? அல்ல. அமெரிக்காவின் டிரேப்பர் கம்பெனி 1890களிலேயே நார்த்ராப் தறியை விற்றது. பாவு இழை அறுந்தால் அதுவும் நின்றது. ஆகவே கருவி எல்லோருக்கும் கிடைத்திருந்தது. வேறு எங்கும் அதைத் தறிக்கு வெளியே எடுத்துச் சென்று, மனிதர் வேலை செய்யும் இடத்துக்கு விதியாக்கவில்லை. டொயோட்டாவில் தறி ஆலையும் கார் ஆலையும் ஒரே குடும்பத்தில் இருந்ததால், ஓனோ போன்றவர்கள் ஒன்றில் கற்றதை மற்றதில் போட்டுப் பார்க்க முடிந்தது. தறி ஆலையிலிருந்து வளராத ஹோண்டாவும் நல்ல கார் செய்யவில்லையா என்றால், செய்கிறது. ஒரே கிணற்றுக்குப் பல படிகள் இருக்கலாம். டொயோட்டா இறங்கிய படி இது. இந்தப் படியில் தொழிலாளிகள் பட்ட பாட்டையும் மறக்கக் கூடாது. ஒருவர் தலையில் பல இயந்திரங்களைக் கட்டியபோது வேலைச்சுமை கூடியது. பத்திரிகையாளர் சதோஷி கமதா 1970களின் தொடக்கத்தில் தற்காலிகத் தொழிலாளியாக உள்ளே போய் உழைத்து, அந்த வரிசை மனிதரை எப்படிப் பிழிகிறது என்று 1973ல் ஒரு புத்தகமே எழுதினார். நிறுத்தும் உரிமை பெரியது. மூச்சு விட நேரம் இல்லாதவருக்கு அந்த உரிமை எட்டாது என்பதும் உண்மை.

கேள்வி: இலங்கையில் பல ஆண்டுப் பழைய டொயோட்டா வான்கள் இன்னும் ஓடுகின்றன. இங்கே பழைய இன்னோவாவுக்கும் நல்ல விலை கிடைக்கிறது. ஆனால் அதே கம்பெனியில் சோதனை முறைகேடு என்றும் செய்தி வருகிறது. எதை நம்புவது?

பதில்: பழைய வண்டி ஓடுவதன் முழுப் பெருமையையும் கம்பெனிக்குத் தர முடியாது. ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கடுமையான, செலவு மிகுந்த பரிசோதனை உண்டு. அதனால் நல்ல நிலையில் உள்ள கார்களைக்கூட அங்கே சீக்கிரம் கைமாற்றிவிடுகிறார்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் அவை இலங்கைக்கு அப்படியே பொருந்துகின்றன. கொரோலாவும் ஹைஏஸும் இப்படி வந்து இறங்கியவை. 2020ல் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இருக்கும் வண்டியையே ஓட்டியாக வேண்டிய நிலை வந்தது. அவற்றைக் காப்பாற்றியதில் அங்கிருந்த கராஜ் மெக்கானிக்குகளின் கைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இந்தியாவில் பழைய கார் இறக்குமதிக்கு வழி அடைபட்டிருப்பதால், நாம் காணும் பழைய டொயோட்டாக்கள் பெரும்பாலும் பெங்களூருக்கு அருகே பிடதியில் செய்யப்பட்டவை: 2000ல் குவாலிஸ், 2005ல் அதன் இடத்துக்கு வந்த இன்னோவா. இங்கேயும் தறியின் உறவு முந்திக்கொண்டது. கார் ஆலைக்கு முன்பே, 1995ல், கிர்லோஸ்கருடன் கூட்டாகப் பஞ்சாலை இயந்திரக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் எந்த மெக்கானிக்கும் நல்ல அடிப்படை இல்லாத வண்டியை லட்சக்கணக்கான கிலோமீட்டர் இழுக்க முடியாது. டாக்சி ஓட்டுபவருக்கு வண்டி நின்ற நாள் வருமானம் நின்ற நாள். அவர் வெறும் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

முறைகேடுகளும் உண்மை. 2009, 2010ல் மிதியடி விரிப்பு, ஆக்சிலரேட்டர் கோளாறுகளுக்காக லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தார்கள். வளர்ச்சியின் வேகத்துக்கு ஆட்களைத் தயார்படுத்த முடியாமல் போனதை, தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். 2023 டிசம்பரில், குழுமத்தைச் சேர்ந்த டைஹாட்சு பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகள் முறைகேடு செய்தது வெளிவந்தது. 2024 ஜனவரியில் டீசல் என்ஜின் சோதனையில் முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்டது, சக்கிச்சி தொடங்கிய அதே தறிக் கம்பெனி, இன்றைய டொயோட்டா இண்டஸ்ட்ரீஸ். இந்தியாவிலும் சில டீசல் வண்டிகளை அனுப்புவது அப்போது கொஞ்ச நாள் நின்றது. இவையெல்லாம் என் வாதத்தை உடைத்துவிட்டன என்று தோன்றலாம். டைஹாட்சுவை விசாரித்த குழு சொன்ன காரணத்தைப் பாருங்கள்: நெருக்கிப் பிடித்த கெடு, முடியாது என்று மேலிடத்தில் சொல்ல வழியில்லாத சூழல். பூட்டும் வரிசையில் கயிறு தொங்கியது. சோதனை அறையில் தொங்கவில்லை. கயிறு இருந்த இடத்தில் தரமும், இல்லாத இடத்தில் பொய்யும் வளர்ந்தன. தறியின் பாடம் பொய்த்துவிடவில்லை. அதைப் பெற்றெடுத்த வீட்டிலேயே மறந்துபோனார்கள்.

ஆகவே பெயரை நம்ப வேண்டாம், பழக்கத்தை நம்புங்கள். அதில் உங்கள் பங்கும் உண்டு. டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு அறுந்த இழைதான். அதைப் பார்த்தும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஓட்டிக்கொண்டே இருப்பது, குறையோடு துணி நெய்வதற்குச் சமம். கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்தால் வெட்கக்கேடு என்று நினைக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். தறி கொஞ்சம் தாமதமாக நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஜப்பானில் ஓடி இலங்கைக்கு வந்த வண்டி என்றால் அந்த அழைப்புக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வராமலே போகலாம். சேசிஸ் நம்பரை எடுத்துக்கொண்டு நீங்களே போய் விசாரியுங்கள். இழை அறுந்தது தெரிந்த பிறகு தறியை நிறுத்துவது நெய்பவரின் கடமை.