எளியோர்க்கும் நீதி

நுழையும்முன்

பாண்டியன் அவையில் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள். சிலம்பை உடைத்து உண்மையை நிறுவினாள். கையில் சான்றும் நாவில் சொல்வன்மையும் அவளுக்கு இருந்தன. அவை இல்லாத எளியோர் நீதி பெறுவது எவ்வாறு?

காஞ்சிபுரம் மாவட்டம், குன்றத்தூர் வட்டத்திலுள்ள மாங்காடு, காமாட்சி அம்மன் கோவிலால் பெயர்பெற்ற ஊர். சென்னையின் விரிவாக்கத்தால் இன்று நகராட்சியாக வளர்ந்துள்ளது. இத்தகைய புறநகரில் வாடகை வீட்டில் வாழ்ந்த கூலித் தொழிலாளர் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வீட்டைக் காலி செய்தபின்னும் உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. வழக்குத் தொடுக்கப் பணம் வேண்டும். நீதிமன்றம் செல்லும் நாளில் கூலியும் கிடைக்காது. இழந்ததை மீட்க இன்னும் இழக்க வேண்டுமோ என்று அஞ்சி, அக்குடும்பம் வாய்மூடிவிடுகிறது. பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் போன்றவற்றிலும் இந்நிலையே நேர்கிறது.

இக்குறையைக் களையவே, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின்வழி அரசமைப்புச் சட்டத்தில் 39அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டது. பொருளாதாரக் குறைவால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதே அதன் சாரம். 1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளே தேசியச் சட்டப் பணிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், வரையறுக்கப்பட்ட வருமானத்திற்குக் குறைவாகப் பெறுவோர் முதலியோர் இவ்வுதவிக்கு உரியவர். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. வழக்கறிஞரின் பணியும் நீதிமன்றக் கட்டணமும் இவ்வுதவியில் அடங்கும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறினாலும் அது மனுவாகப் பதிவு செய்யப்படும். இருதரப்பும் இணங்கினால் மக்கள் நீதிமன்றத்திலேயே தீர்வு காணலாம். அத்தீர்வின்மீது மேல்முறையீடு இல்லை.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அஃது உரியவரின் செவியை எட்ட வேண்டும். மாவட்ட ஆணைக்குழுவும் வட்டக் குழுவும் நீதிமன்ற வளாகத்தில் காத்திருப்பதோடு நில்லாமல், நியாயவிலைக் கடை, தொழிற்கூடம், பேருந்து நிலையம் என மக்கள் கூடும் இடங்களை நாடிச் செல்ல வேண்டும். மாலை நேர முகாம்கள் நடந்தால் கூலி இழப்பும் நேராது. படித்த இளையோர் அண்டை வீட்டாரின் மனுவை எழுதித் தருவதும் அறமே. கேட்கத் தெரியாதவருக்காகக் கேட்பதே கற்றவர் கடன்.

தெரிந்து தெளிவோம்
சட்ட உதவிக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண்: 15100.

கற்பவை கற்றபின்...
உங்கள் பகுதியிலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்கும் இடத்தை அறிந்து, உதவி பெறும் வழிமுறையை விளக்கும் சுவரொட்டி ஒன்றை எளிய தமிழில் உருவாக்குக.