தோட்டத்து மருந்தும் மருந்தே

நீண்ட சிகிச்சை முடிந்து வீடு திரும்பியோர் பலர், மொட்டைமாடியிலோ கொல்லைப்புறத்திலோ நாலைந்து செடிகளை வளர்த்து வருகின்றனர். அவற்றில் பூச்சி விழுந்தால் எதைத் தெளிக்கலாம் என்று மருத்துவமனைக்கு வரும்போது எங்களிடம் கேட்போரும் உண்டு. கடை மருந்தைத் தவிர்த்து வீட்டிலேயே தயாரிக்க விரும்புவது நல்ல எண்ணமே. ஆயினும், வீட்டில் தயாரித்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

முதலில் செடியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். செம்பருத்தித் தண்டில் வெண்பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. அவரைக் கொழுந்தில் கூட்டமாக மொய்ப்பது அசுவினி. இவற்றுக்குத் தண்ணீரே முதல் மருந்து. வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். எஞ்சியவற்றுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் நீரோடு கலப்பதற்காகச் சில துளி திரவ சோப்பும் சேர்த்துக் குலுக்கித் தெளிக்கலாம். வேம்பின் சத்து வெயிலில் விரைவில் சிதைந்துவிடும். ஆகையால் மாலை வேளையே ஏற்றது. இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். ஓர் இலையில் மட்டும் தெளித்து, மறுநாள் கருகவில்லை என்று கண்ட பின்னரே செடி முழுவதற்கும் தெளிக்கவும். வேம்பு பூச்சியை உடனே கொல்வதில்லை. அது தின்பதையும் தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. மறுநாளே பலன் தெரியவில்லை என்று அளவைக் கூட்டுவது தவறு. (மாத்திரை விஷயத்திலும் இப்பழக்கத்தை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.)

பூசணி இலையில் மாவு தூவியது போல் படரும் சாம்பல் நோய்க்கு, ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளிப்பது தொடக்க நிலையில் உதவும். வெண்டையின் நரம்புகள் மஞ்சளாகும் தேமல் நோய்க்கோ எந்தக் கரைசலும் மருந்தாகாது. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். அச்செடியைப் பிடுங்கி அகற்றுவதே வழி.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். புகையிலையை ஊறவைத்த நீரைத் தெளிக்கும் வழக்கம் பழையது. அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவே உடலுள் செல்லக்கூடியது. குமட்டல், தலைசுற்றல், மிகுந்த வியர்வை ஆகியவற்றை உண்டாக்கும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம். தக்காளி, மிளகாய்ச் செடிகளைத் தாக்கும் ஒருவகை வைரஸும் புகையிலை வழியே பரவக்கூடும். மிளகாய், பூண்டு அரைத்த கரைசல் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர் அருகில் இருக்கலாகாது.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோரும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோரும் பஞ்சகவ்யம், சாண உரம், மக்கிய குப்பை ஆகியவற்றைக் கையாளலாகாது. நலமுள்ளவரைத் தாக்காத கிருமிகளும் பூஞ்சைகளும் அவர்களைத் தாக்கக்கூடும். தெளிப்பதையும் மண் கிளறுவதையும் வீட்டார் செய்ய, அவர்கள் சற்றுத் தள்ளி அமர்ந்து பார்த்து மகிழலாம். தெளித்த கீரையையும் கறிவேப்பிலையையும் சில நாள் கழித்தே பறித்து, ஓடும் நீரில் நன்கு அலசிச் சமைக்க வேண்டும்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது குழந்தைகளைப் பற்றியதே. மீந்த கரைசலையோ வேப்பெண்ணெயையோ குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்காதீர்கள். பச்சிளங்குழந்தைக்குச் சிறிதளவு வேப்பெண்ணெய் உள்ளே சென்றாலும் வாந்தி, மயக்கநிலை, வேகமூச்சு, வலிப்பு வரை நேரலாம். குடற்புழுவுக்கென்று அதைப் புகட்டுவதும் இக்காரணத்தாலேயே கூடாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் தாமதிக்காமல், அந்தப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.