692-ஆ, 697-ஆ? பழைய லாரி இன்ஜினைக் கண்டுபிடிப்பது எப்படி?

சங்ககிரிப் பக்கம் பழைய டாடா லாரியைப் பார்த்தா, கேபினை வெச்சு வயசு சொல்லாதீங்க. கேபினும் பாடியும் நம்ம ஊர்ப் பட்டறைகளில் பலமுறை மாறியிருக்கும். முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருந்தாலும் அவசரப்படாதீங்க. டாடா – டைம்லர் பென்ஸ் ஒப்பந்தம் 1954 முதல் 1969 வரை இருந்தது. ஆனா நட்சத்திரத்தை யார் வேணும்னாலும் மாட்டலாம்.

இன்ஜினைப் பாருங்க. 692 என்றால் 6 சிலிண்டர், 92 மி.மீ. போர். 697 என்றால் 6 சிலிண்டர், 97 மி.மீ. போர். ஸ்ட்ரோக் முறையே 120, 128 மி.மீ. நமக்குத் தெரிஞ்ச ஃபார்முலாதான்: போர் வர்க்கம் × π/4 × ஸ்ட்ரோக் × 6. விடை சுமார் 4.8 லிட்டர், 5.7 லிட்டர்.

எங்க அப்பிச்சி ஓட்டின லாரிக்கு, 692-னு நம்பி பிஸ்டன் செட் வாங்கிட்டோம். ஹெட்டைக் கழட்டினா 97! எப்பவோ இன்ஜினையே மாத்தியிருக்காங்க. ரீபோர் பண்ணா அரை மி.மீ., ஒரு மி.மீ. கூடலாம், 5 மி.மீ. கூடாது. பிஸ்டன் காசு போச்சு.

அளக்கும்போது கவனம். டாப் ரிங் திரும்புற இடம்தான் அதிகம் தேயும். ரிங் போகாத அடிப்பகுதியில் போர் கேஜ் வெச்சா அசல் அளவு கிடைக்கும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேய்மானம்.

பிளாக்கில் இருக்கும் நம்பரைச் சுரண்டாம, டீசலும் துணியும் வெச்சுத் துடைச்சு ஆர்.சி.யோடு ஒப்பிடுங்க. உங்க வீட்டு லாரியை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சிடுங்க. உருக்கின பிறகு எதையும் அளக்க முடியாது.