பூசணிப் பூவும் மகரந்தச் சேர்க்கையும்

ரொறன்ரோவில் நம்மவர் இல்லங்களின் பின்வளவுகளில் கோடைகாலத்திலே பூசணிக் கொடி படர்வதைக் காண்கின்றோம். கொடி செழித்திருக்கும், பூக்களும் நிறையப் பூக்கும். ஆயினும், பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்துவிடுவதுண்டு. நோயோ, உரக்குறைவோ எனப் பெற்றோர் ஐயுறுவர். பல வேளைகளில் மகரந்தச் சேர்க்கை நிகழாமையே இதற்குக் காரணமாகும். அது நிகழும் முறையைப் பூவின் உறுப்புகளைக் கொண்டு ஆராய்வோம்.

பூவின் புறத்தே அமைந்த புல்லிகள் அரும்பைக் காக்கின்றன. அல்லிகள் தம் நிறத்தாற் பூச்சிகளை அழைக்கின்றன. கேசரம் ஆணுறுப்பாகும், அதன் மகரந்தக்கூட்டில் மகரந்தமணிகள் உண்டாகின்றன. பெண்ணுறுப்பு குறி, தம்பம், சூலகம் என்னும் மூன்று பகுதிகளை உடையது. செவ்வரத்தையில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் ஒரே பூவில் உள்ளன. பூசணியிலோ ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. எனினும் இரண்டும் ஒரே கொடியிற் பூக்கின்றன.

மாணவர்களே, இவற்றை இனங்காண்பது எளிது. ஆண்பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியிலே குட்டிப் பூசணி போன்ற உருண்டை ஒன்று காணப்படும். அதுவே சூலகம். அதனுள்ளே சூல்வித்துகள் இருக்கின்றன.

பூசணியின் மகரந்தம் பருமனானது, ஒட்டுந்தன்மை உடையது. ஆதலால் அதனைக் காற்றுச் சுமந்து செல்வதில்லை. பூவின் அடியிலுள்ள தேனை நாடிவரும் தேனீயின் உடல் மயிர்களில் அது ஒட்டிக்கொள்கின்றது. அத்தேனீ பெண்பூவுக்குச் செல்லும்போது மகரந்தம் குறியிற் படிகின்றது. இதுவே மகரந்தச் சேர்க்கை. பின்னர் ஒவ்வொரு மகரந்தமணியிலிருந்தும் ஒரு நுண்குழாய் வளர்ந்து, தம்பத்தின் ஊடாகச் சூல்வித்தை அடைகின்றது. கருக்கட்டிய சூல்வித்து விதையாகின்றது, சூலகம் காயாகின்றது. போதிய மணிகள் சேராவிடில் பிஞ்சு உதிரும். அன்றேல் காய் கோணலாக வளரும். விடியலில் விரியும் பூ நண்பகலுக்கு முன்னரே வாடிச் சுருங்கும். அந்த ஒரு காலைப்பொழுதே அதற்குரிய வாய்ப்பு.

நம் ஊர்க் காய் என நாம் எண்ணும் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களேயாகும். கொலம்பஸ் 1492இல் இங்கு வந்த பின்னரே அது ஐரோப்பியர் வழியாக நம் நாடுகளை அடைந்தது. தமிழகத்தில் வழங்கும் ‘பரங்கிக்காய்’ என்னும் பெயரே அதற்குச் சான்றாகும். அதன் பழந்துணையான பூசணித் தேனீ இன்றும் தென் ஒன்ராறியோவில் வாழ்கின்றது. இது கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் நிலத்தைத் துளைத்துத் தன் கூட்டை அமைக்கின்றது. பூசணி இனப் பூக்களின் மகரந்தத்தையே தன் குஞ்சுகளுக்கு உணவாகச் சேர்க்கின்றது.

இத்தேனீக்கு இன்று இடர் நேர்ந்துள்ளது. ஒன்ராறியோவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிகொல்லி இடப்பட்ட நிலத்திலே தேனீக்கள் அமைத்த கூடுகள் 85 வீதம் குறைந்தன. அடுத்த தலைமுறைத் தேனீக்கள் 89 வீதம் குறைந்தன. பூச்சியை ஒழிக்க இட்ட நஞ்சு, காயைத் தரும் துணையையும் அழிக்கின்றது.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில உள. கொடிக்கு நஞ்சு இடுவதைத் தவிர்ப்போம். கொடியைச் சூழ்ந்த நிலத்தை ஆழக் கொத்தாது விடுவோம். தேனீ வராத நாட்களில், காலையிலேயே ஓர் ஆண்பூவைப் பறித்து, அல்லிகளை நீக்கி, அதன் மகரந்தக்கூட்டைப் பெண்பூவின் குறியில் மெதுவாகத் தடவுவோம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத்தக்க பாடம் இது. சில நாட்களிற் பிஞ்சு பருக்கத் தொடங்குமாயின், நாம் கற்றதைக் கொடியே மெய்ப்பித்துக் காட்டும்.