எஞ்சின் விடும் மூச்சு: டர்போ பொருத்திய காரில் வணரிப்பெட்டிக் காற்றோட்டம்

முன்னுரை

டர்போ என்றதும் நம் மாணவர்களின் பேச்சு குதிரைத்திறனிலும் பூஸ்ட் அளவிலும் போய் நிற்கும். எஞ்சினுக்குள் காற்றை எப்படித் திணிப்பது என்று மணிக்கணக்கில் பேசுவோம். திணித்த காற்றில் தப்பிய பங்கு எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. அதைக் கேட்காமலே டர்போ பொருத்திய பலர், நீலப் புகையையும் எண்ணெய்க் கசிவையும் கண்ட பிறகுதான் விடை தேடுகிறார்கள்.

நானும் நண்பர்கள் இருவரும் ஒரு புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ காருக்கு டர்போ பொருத்தினோம். அதன் 4ஜி93 எஞ்சின் 1,834 சிசி கொள்ளளவு உடையது. தொழிற்சாலையிலிருந்து டர்போ இல்லாமல் வந்தது. அந்த அனுபவத்தையும் விரிவுரையில் படித்ததையும் சேர்த்து, வணரிப்பெட்டிக் காற்றோட்டத்தை எப்படி அமைப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறையில் 'கிராங்க் கேஸ்' என்றால்தான் புரியும். கலைச்சொல்லாக்கத்தில் கிராங்க் என்பதற்கு 'வணரி' என்பர். 'வணர்' என்றால் வளைவு. யாழின் வளைந்த கோட்டைக் குறிக்கச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல் அது. வளைந்து வளைந்து செல்லும் கிராங்க் தண்டுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. அந்தத் தண்டு சுழலும் இடமே வணரிப்பெட்டி. பிஸ்டன், வால்வு, டர்போ ஆகியவற்றைப் பழகிய பெயரிலேயே விட்டுவிடுகிறேன்.

கசிவு வாயு என்பது யாது?

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள வளையங்கள் வாயுவை முழுமையாக அடைப்பதில்லை. வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் வெப்பத்தில் விரியும்போது வளையம் முட்டி உடையும். அந்த வழியே அழுத்தத்திலும் எரிதலிலும் ஒரு பங்கு வாயு கீழிறங்கி வணரிப்பெட்டியை அடைகிறது. இதுவே கசிவு வாயு.

அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் அமிலத்தன்மை கொண்ட வாயுக்களும் கலந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அதன் சிறு பங்கு உள்ளே தங்கினாலும் எண்ணெயோடு கலந்து வெண்மையான கூழாகிவிடும். அருகிலுள்ள கடைக்கு மட்டும் ஓடும் கார்களில், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் இதைப் பார்க்கலாம்.

பழைய கார்களில் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாக நேரே சாலையில் விட்டனர். கலிபோர்னியாவின் புகைமூட்டத்திற்குக் கார்களும் காரணம் எனத் தெரிந்தபின், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் பிசிவி என்னும் வால்வு வந்தது. கார்களில் பரவலாக இடம்பெற்ற மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுள் இதுவே முதன்மையானது எனலாம்.

டர்போ இல்லாத எஞ்சினில் நடப்பது

மேல்மூடியில் இரண்டு வாய்கள் உண்டு. ஒன்றில் பிசிவி வால்வு இருக்கும். அது இன்டேக் மேனிஃபோல்டோடு இணைந்து, அங்குள்ள வெற்றிடத்தால் வாயுவை உறிஞ்சும். மற்றொன்று, காற்று வடிகட்டிக்கும் திராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயிலிருந்து தூய காற்றை உள்ளே விடும். ஒரு பக்கம் நல்ல காற்று நுழைய, மறுபக்கம் கெட்ட வாயு வெளியேறுகிறது.

பிசிவி வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு முளையும் இருக்கும். ஐட்லிங்கில் வெற்றிடம் மிகுதி. முளை இழுபட்டு வழியைக் குறுக்கும். காரைச் சீராக ஓட்டும்போது வெற்றிடம் குறையும், வழி அகலும். மேனிஃபோல்டில் அழுத்தம் எழுந்தால் முளை பின்னுக்குத் தள்ளப்பட்டு வழி மூடும். எளிய கருவிதான், ஆனால் வேலை நுட்பமானது.

டர்போ வந்தபின் என்ன மாறுகிறது?

மூன்று மாற்றங்கள் ஏற்படுகின்றன.

ஒன்று, வாயுவின் அளவு கூடுகிறது. 0.7 பார் பூஸ்ட் என்றால் சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தம் 1.7 பார். எரிதல் அழுத்தமும் அதற்கேற்ப உயர்வதால் கசிவும் ஏறத்தாழ அதே விகிதத்தில் பெருகும். டர்போவுக்காக வளைய இடைவெளியைச் சற்றுக் கூட்டியிருந்தால் இன்னும் அதிகம்.

இரண்டு, உறிஞ்சிய மேனிஃபோல்டே இப்போது ஊதுகிறது. பிசிவி வால்வு சற்றே கசிந்தாலும் பூஸ்ட் நேராக வணரிப்பெட்டிக்குள் இறங்கும். டர்போ இல்லாத எஞ்சினுக்காகச் செய்த வால்வு, நீடித்த அழுத்தத்தைத் தாங்கி அடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

மூன்று, டர்போவின் எண்ணெய் திரும்பும் வழி. இதுதான் மிக முக்கியம். டர்போவுக்குள் எண்ணெய் பம்ப் அழுத்தத்தோடு செல்கிறது; ஆனால் வெளியேறுவது புவியீர்ப்பால் மட்டுமே. ஒரு கணக்குப் போடுவோம். டர்போவின் வடிகால் எண்ணெய்த் தொட்டியின் நுழைவாயிலுக்கு 20 செண்டிமீட்டர் மேலே இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயின் அடர்த்தி நீரைப் போல் 0.85 மடங்கு. ஆகவே அந்த உயரம் தரும் அழுத்தம் 17 செண்டிமீட்டர் நீருக்குச் சமம். அதாவது சுமார் 0.017 பார். வணரிப்பெட்டியில் அவ்வளவு அழுத்தம் எழுந்தாலே எண்ணெய் இறங்கத் தயங்கும். நாம் கொடுக்கும் பூஸ்டில் இது நாற்பதில் ஒரு பங்குதான்!

இறங்க முடியாத எண்ணெய் டர்போவின் அச்சு வளையங்களைத் தாண்டிப் புகைபோக்கிப் பக்கம் கசியும். நீலப் புகை வரும். "டர்போ போய்விட்டது" என்று பட்டறையில் சொல்வார்கள். புது டர்போ மாட்டினாலும் புகை நிற்காது, ஏனெனில் குற்றம் டர்போவில் இல்லை. நண்பர் ஒருவர் இப்படி இரண்டு டர்போக்களுக்குச் செலவழித்த பிறகுதான் நாங்கள் அவர் காரைப் பார்த்தோம். அவர் முன்பு சென்ற பட்டறையில் மேல்மூடியின் ஒரு வாயை அடைத்துவிட்டு, மற்றொன்றில் சுண்டுவிரல் தடிமனுள்ள குழாயைச் செருகியிருந்தார்கள்.

அமைக்கும் முறை

1. எஞ்சினின் உடல்நலத்தை முதலில் அறிக. கம்ப்ரஷன் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்யாமல் குழாய் வாங்கப் போகாதீர்கள். தேய்ந்த வளையங்களை எந்தக் காற்றோட்டமும் காப்பாற்றாது.

2. குழாயின் அகலத்தைக் கூட்டுக. குழாயின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 9 மிமீ உள்விட்டத்தின் பரப்பு சுமார் 64 சதுர மிமீ. 19 மிமீ குழாயின் பரப்பு சுமார் 284 சதுர மிமீ. விட்டம் இருமடங்கானதும் பரப்பு நான்கு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது. நாங்கள் தூய காற்று வாயில் 19 மிமீ குழாயைப் பயன்படுத்தினோம். ரேடியேட்டர் குழாயை வெட்டிப் பொருத்துவது வேண்டாம். அந்த வகை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். எண்ணெய் தாங்கும் நைட்ரைல் குழாயே தேவை.

3. மேல்மூடியின் உள்தடுப்புகளை நீக்காதீர்கள். தெறிக்கும் எண்ணெயை வாயுவிலிருந்து பிரிப்பவை அவையே.

4. பிசிவி குழாயில் ஒரு தனி ஒருவழி வால்வைச் சேர்க்க. வாயு மேனிஃபோல்டை நோக்கிச் செல்லலாம், திரும்பி வரக்கூடாது. வாயால் ஊதிப் பார்த்துத் திசையை உறுதி செய்த பின்பே மாட்டவும்.

5. எண்ணெய் பிடிக்கும் கலம் ஒன்றை வைக்க. அகன்ற கலத்துக்குள் வாயுவின் வேகம் குறைகிறது. துளிகள் தடுப்புகளில் மோதிக் கீழே படிகின்றன. தடுப்பில்லாத வெற்று டப்பாவால் பயன் குறைவு. திறந்த மூச்சுக்குழாய் உள்ள பந்தயக் கார்களில், 2,000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர் கலம் வேண்டும் என்பது பன்னாட்டுப் பந்தய விதிகளில் நெடுநாளாக உள்ள அளவு. சாலையில் ஓடும் காருக்கு அதைவிடச் சிறியது போதும். ஆனால் தவறாமல் வடிக்க வேண்டும்.

6. கலத்தின் வெளிவாயை வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயில் இணைக்க. பூஸ்ட் எழும்போது டர்போ காற்றை இழுப்பதால் அங்கே சிறு வெற்றிடம் இருக்கும். மேனிஃபோல்ட் கைவிட்ட உறிஞ்சும் வேலையை அந்த இடம் ஏற்றுக்கொள்கிறது. இதுவரை காற்று உள்ளே வந்த குழாய் இப்போது வாயு வெளியேறும் குழாயாகிறது. ஆகவேதான் கலத்தை அந்த வழியில் வைக்கச் சொல்கிறேன்.

"குழாயின் முனையில் சிறு வடிகட்டியை மாட்டித் திறந்தே விட்டால் என்ன?" என்று இளைய மாணவர்கள் கேட்பதுண்டு. வேலை எளிதுதான். ஆனால் எண்ணெய் வாடை காருக்குள் வரும். மாசு வெளியே போகும். எண்ணெய்ப் படலம் சூடான டர்போ மீது படிந்தால் தீப்பிடிக்கவும் கூடும். மாறாக, கலமின்றி அப்படியே டர்போவுக்குள் திருப்பினால் எண்ணெய் இன்டர்கூலரின் உட்புறத்தில் படிந்து குளிர்விப்பைக் குறைக்கும். எரியறைக்குள் போகும் எண்ணெய் பெட்ரோலின் ஆக்டேன் திறனைத் தாழ்த்தி 'நாக்கிங்' ஏற்பட வழிசெய்யும். கலமும் மூடிய சுற்றும் சேர்ந்திருப்பதே நன்று.

சோதித்து அறிதல்

ஐட்லிங்கில் எண்ணெய் மூடியைத் திறந்து, வாயின்மேல் ஒரு தடித்த தாளை வையுங்கள். சற்று நேரத்தில் தாள் மெல்ல உள்ளே இழுபட்டு ஒட்டினால் உறிஞ்சல் இருக்கிறது. தாள் எழும்பிப் பறந்தால் எங்கோ அடைப்பு அல்லது மிகுந்த கசிவு. ஆனால் இது ஐட்லிங் நிலையை மட்டுமே காட்டும். பூஸ்டில் அறிய, எண்ணெய் அளவுகோல் குழாயில் சிறு அழுத்தங்களைக் காட்டும் மானியை இணைத்து, டைனோவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழு பூஸ்டிலும் முள் சுழியத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நின்றால் அமைப்பு சரி. மேலே ஏறினால் குழாய் போதவில்லை, அல்லது ஒருவழி வால்வு கசிகிறது. பிசிவி குழாயைத் தற்காலிகமாக அடைத்துவிட்டு மீண்டும் ஓட்டினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

மேற்சொன்ன நண்பரின் காரில் அதே டர்போவை வைத்துக்கொண்டு காற்றோட்டத்தை மட்டும் மாற்றினோம். பழைய எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் புகை நின்றது. இரண்டு டர்போக்களின் விலையோடு ஒப்பிட்டால், குழாய்க்கும் வால்வுக்கும் கலத்துக்கும் ஆன செலவு மிகச் சொற்பம்.

முடிவுரை

எஞ்சின் மாற்றங்களுக்கு மலேசியாவில் ஜேபிஜேயின் விதிகளையும் சிங்கப்பூரில் எல்டிஏவின் விதிகளையும் கேட்டறிந்த பின்பே கைவைக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

பொறியியலில் உள்ளே செலுத்துவதைப் போலவே வெளியே விடுவதும் ஒரு கலை. ஒரு பழுதைக் காணும்போது, புகை வரும் உறுப்பை மட்டும் பார்க்காமல், அழுத்தம் எங்கே பிறந்து எந்த வழியே போக முயல்கிறது என்று தேடிச் செல்லும் பழக்கத்தை நாம் வளர்த்துக்கொள்ள வேண்டும். அதை நம் மொழியிலேயே பேசி, நம் மொழியிலேயே இளையோருக்குக் கற்பிக்கவும் முடியும். அடுத்த இதழில் கிளட்சைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ உங்களில் ஒருவர் எழுதுவீர்கள் என எதிர்பார்க்கிறேன்.